வீட்டுக் கொட்டிலில் ஒரு லேத்: கொக்குவில் தம்பிக்குப் பதில்

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். வளவின் பின்பக்கம் பன்னிரண்டுக்குப் பத்து அடியில் ஒரு கொட்டில் சும்மா கிடக்கிறதாம். வெளிநாட்டுக்காரர்கள் வீட்டிலேயே லேத் (கடைசல் மெசின்) வைத்துக்கொண்டு பழைய துவக்குகளைத் திருத்துவதையும், அதற்கு வேண்டிய சிறு மரையாணிகளைக் கடைவதையும் காணொளியில் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டதாம். எந்த மெசின் வாங்கலாம், வீட்டுக் கரண்டில் அது ஓடுமா, துவக்கு வேலையை இங்கே பொழுதுபோக்காகச் செய்யலாமா என்பவைதான் கேள்விகள்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். செய்ய முடியாது தம்பி. இலங்கையின் 1916 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. துவக்கை வைத்திருக்க மட்டுமல்ல, செய்யவும் திருத்தவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1996 இல் தண்டனைகளை இன்னும் கூட்டினார்கள். நீங்கள் பார்க்கிற காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அங்கத்தைச் சட்டம் வேறு. இங்கே, அதுவும் யாழ்ப்பாணத்தில், ஒரு கொட்டிலுக்குள் துளையிட்ட குழாயும் சுருள்வில்லும் கிடந்தால் என்ன கேள்வி வரும் என்று உங்கள் அப்பாவையோ அம்மாவையோ கேட்டுப்பாருங்கள், வடிவாக விளக்குவார்கள். வன்னிக் காட்டோரங்களில் இடியன் துவக்கும் (வாய்வழி மருந்து இடிக்கிற நாட்டுத் துவக்கு) கட்டுத்துவக்கும் (மிருகம் தட்டினால் வெடிக்கிற பொறி) செய்து வைத்து, அதில் தாங்களே கால் இழந்தவர்களின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் ஒரு சொல்லும் நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்தக் காணொளிகளில் உங்களை இழுத்தது துவக்குத்தானா என்று ஒருக்கா யோசியுங்கள். என்னைக் கேட்டால், உங்களை இழுத்தது அந்தப் பொருத்தம். இரண்டு இரும்புத் துண்டு மயிரிழை இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று போய் உட்காருகிறதே, ஆணித் தலை நீலமாக மினுங்குகிறதே, அதுதான். அந்தக் கைவேலைக்குத் துவக்குத் தேவையில்லை. பழைய சிங்கர் தையல் மெசின், சுவர் மணிக்கூடு, பெட்டகப் பூட்டு, ராலே சைக்கிள், தவில் இறுக்குகிற மரையாணி என்று குடாநாட்டில் வேலை கொட்டிக் கிடக்கிறது. அதைச் செய்கிற கைகள்தான் குறைந்து போயிற்று.

இனி மெசின். இதில் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. முதல் ஆறு மாதம் லேத் வாங்காதீர்கள். பொருளை இறுக்கிப் பிடிக்க ஒரு நல்ல கனமான வைஸ், அதைப் பூட்ட அசையாத ஒரு மேசை, மூன்று நான்கு அரம், இரும்பு அறுக்க ஒரு ஏக்ஸோ வாள், ஒரு மூலைமட்டம், நுண்ணளவு பார்க்க ஒரு வேர்னியர். இவ்வளவும் போதும். மெசின் இருக்கிறவர்கள் எல்லாரும் கடைவார்கள். அரம் பிடிக்கத் தெரிந்தவர்தான் பொருத்துவார். நான் வேலை பழகிய தண்ணி மெசின் பட்டறையில், லேத்தைத் தொட எனக்கு ஒன்றரை வருசம் விடவில்லை. ஒரு இரும்புக் கட்டியைத் தந்து ஆறு பக்கமும் சதுரமாக அராவு என்றார் முதலாளி. நான்கு நாளில் ஐந்து பக்கம் முடித்து, ஆறாவதை அராவும்போது முதற் பக்கம் சரிந்திருப்பதைக் கண்டேன். திருப்பித் திருப்பி அராவியதில் கட்டி தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. அவர் அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மூலைமட்டத்துக்குக் கீழே ஒளி கசிகிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கட்டியைத் தந்தார். அப்போது எரிச்சலாக இருந்தது.

அரத்தைப் பற்றி ஒரு சின்ன விசயம். புது அரத்தை முதலில் பித்தளையில் பழக்குங்கள், பிறகுதான் இரும்புக்கு. இரும்பில் தேய்ந்த அரம் பித்தளையில் வழுக்கும். தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது தூக்கு. பற்களில் தூள் அடைத்தால் வேலையில் கீறல் விழும், ஆகவே அராவுமுன் பாடசாலைச் சோக்கை அரத்தில் தேய்த்துவிடுங்கள்.

ஆறு மாதம் முடிந்தும் ஆசை அடங்கவில்லை என்றால் லேத் தேடலாம். நம் பக்கம் கைக்கு வரக்கூடியவை மூன்று வகை. ஒன்று, பழைய ஆங்கில மெசின்கள். நொட்டிங்காமுக்குப் பக்கத்தில் பீஸ்ரன் என்ற ஊரில் செய்த மைபோர்ட் எம்.எல்.7 அதில் பேர்பெற்றது. 1946 இல் வந்தது. நீளவாக்கில் கிடக்கிற வார்ப்பிரும்புப் படுக்கைக்கு மேல் மூன்றரை அங்குல மையஉயரம், அதாவது ஏழு அங்குல விட்டமுள்ள பொருள் சுழலும். பொருளை இரு முனையிலும் தாங்குகிற இரண்டு மையத்துக்கும் இடையில் 19 அங்குலம். வீட்டு வேலைக்கென்றே பிறந்த மெசின். தலைப்பகுதியில் பேரிங் குண்டு இல்லை, வெள்ளீயக் கலவைப் புஷ்தான். பலர் அதைக் கேட்டதும் பயப்படுவார்கள். அதுதான் அதன் நல்ல குணம். தேய்ந்தால் மூடியைக் கழற்றி, கீழே இருக்கிற தகட்டு அடுக்கில் ஒரு தாள் உரித்துவிட்டுத் திரும்பப் பூட்டலாம். ஒரு தாள் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. எண்ணெய் விட மறந்தால் மட்டும் அது மன்னிக்காது.

இரண்டாவது, இந்தியாவில் இருந்து வந்த நாலரை அடி, ஆறு அடி லேத்துகள். பஞ்சாப், குஜராத் பக்கத்து வார்ப்பு. கடைசற்பட்டறைகளில் நீங்கள் பார்ப்பவை இவைதான். உறுதியானவை, பம்ப் ஷாஃப்ற் கடைவதற்கு இதை விட்டால் வேறில்லை. ஆனால் சில நூறு கிலோ வரும், உங்கள் கொட்டிலின் கால்வாசியை விழுங்கிவிடும், மோட்டரும் பெரும்பாலும் மூன்று பேஸ். பொழுதுபோக்குக்கு அது யானை வளர்க்கிற மாதிரி.

மூன்றாவது, சீன மினி லேத். ஏழு அங்குலச் சுழற்சி, பன்னிரண்டோ பதினாலோ அங்குல நீளம், ஏறத்தாழ 40 கிலோ. ஒரே மெசினைப் பத்துப் பெயரில், பத்து நிறத்தில் விற்பார்கள். வேகத்தைக் குமிழ் திருப்பிக் கூட்டிக் குறைக்கலாம், அது பெரிய வசதி. உள்ளே சில பற்சக்கரங்கள் பிளாஸ்ரிக், முரட்டு வெட்டுக் கொடுத்தால் பல் உதிரும். அதை ஒரு குறையாக நான் எடுப்பதில்லை. உருகி (ஃபியூஸ்) எரிந்து வீட்டைக் காப்பாற்றுகிற மாதிரி அந்தப் பல் போய் மற்றதைக் காப்பாற்றுகிறது. பெட்டியில் இருந்து எடுத்த நாளே வேலை தொடங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எல்லாவற்றையும் கழற்றி, வார்ப்பு மணலும் அரைகுறைக் கிறீஸும் போகக் கழுவி, வழுக்குப் பகுதிகளின் ஓரத்தை அரத்தால் தட்டி, திரும்பப் பூட்ட ஒரு வாரம் வேண்டும். நீங்கள் ஆறு மாதம் அரம் பிடித்திருந்தால் அந்த வாரம் இனிப்பாக இருக்கும். லேத்தும், சுழல்கிற வெட்டியால் சீவுகிற மில்லிங்கும் ஒன்றாகச் சேர்த்த மெசினை யாராவது மலிவாகக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

என் விருப்பம் பழைய மைபோர்ட்தான். ஆனால் பழசு வாங்கும்போது கண்ணால் பார்த்து முடிவு எடுக்கக்கூடாது. பச்சைப் பெயின்ற் அடித்து வைத்திருந்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். சக்குக்கு (பொருளைக் கவ்விச் சுழற்றுகிற வாய்) கிட்ட உள்ள படுக்கைதான் முதலில் தேயும், தூரப் பக்கம் புதுசு போலவே இருக்கும். ஆகவே சக்குக்குப் பக்கத்தில் வெட்டியைத் தாங்கி ஓடுகிற சறுக்குப் பெட்டியை ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டு, வால்பக்கத்துக்குத் தள்ளிப் பாருங்கள். அங்கே போய் இறுகிச் சிக்கினால் படுக்கை தேய்ந்திருக்கிறது. பிறகு சக்கில் ஒரு தடித்த கம்பி பூட்டி, நுண் அசைவை முள்ளால் காட்டுகிற டயல் கேஜைச் சுழல்தண்டின் மூக்கில் வைத்து, ஒரு பலகைத் துண்டால் கம்பியை மெல்ல மேலே நெம்புங்கள். முள் மில்லிமீற்றரில் நூறில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் போனால் புஷ் வேலை இருக்கிறது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். புரி வெட்டப் பூட்டுகிற பற்சக்கரப் பெட்டி முழுதாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். இருபதில் இருந்து ஐந்தைந்தாக எழுபத்தைந்து வரை பல்லுள்ள சக்கரங்கள் இருக்க வேண்டும். ஆங்கில மெசினின் நீளத்திருகில் (சறுக்குப் பெட்டியை இழுக்கிற திருகுத்தண்டு) அங்குலத்துக்கு எட்டுப் புரி. அதில் மில்லிமீற்றர்ப் புரி வெட்ட 127 பல்லுள்ள ஒரு சக்கரம் வேண்டும். ஏன் 127? ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், அதை ஐந்தால் பெருக்கினால் 127. பழைய சொந்தக்காரர் அந்தச் சக்கரத்தை எங்கேயோ அலுமாரிக்குக் கீழே வைத்திருப்பார். தேடித் தரச் சொல்லுங்கள்.

கரண்ட் விசயத்துக்கு வருவோம். உங்கள் வீட்டுக்கு வருவது 230 வோல்ற், 50 ஹேட்ஸ், ஒரு பேஸ். முக்கால் குதிரைவலு, ஒரு குதிரைவலு ஒற்றைப் பேஸ் மோட்டர் தாராளமாக ஓடும். தொடங்கும்போது மட்டும் வீட்டு லைற் ஒருமுறை கண் சிமிட்டும். மூன்று பேஸ் மோட்டரோடு மெசின் கிடைத்தாலும் விட்டுவிட வேண்டாம். ஒரு பேஸை வாங்கி மூன்றாக்கித் தருகிற இன்வேட்டர் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன, வேகமும் அதிலேயே மாற்றலாம். ஆனால் வாங்குமுன் மோட்டர்த் தகட்டைப் படியுங்கள். 230/400 என்று போட்டிருந்தால் உள்ளே கம்பிகளை டெல்ற்றா என்கிற முக்கோண இணைப்பாக மாற்றிப் பூட்டி ஓட்டலாம். 400/690 என்று இருந்தால் அந்தப் பெட்டியால் அதற்கு முழுப் பலம் கொடுக்க முடியாது. இன்வேட்டர் பூட்டினால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழுகிற தொல்லையும் வரலாம். அதற்காக ட்ரிப் சுவிட்சைக் கழற்றி வைக்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கெட்டித்தனம் வேண்டாம், எர்த்தை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். கோடையில் நம் மண் காய்ந்து பாறையாகக் கிடக்கும்போது எர்த் கம்பி பெயருக்குத்தான் நிற்கும்.

இன்னொரு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், பச்சைப் பொத்தானை அமத்தும்வரை மெசின் தானாகத் தொடங்காத வகை. 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்த நாட்களில் ஒன்று. கடைந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. சரி, பொருளை மாற்றிப் பூட்டுவோம் என்று சக்குச் சாவியைச் செருகி அரைவாசி தளர்த்தினேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்க் கதைத்துக்கொண்டு நின்றேன். சுவரில் இருந்த பழைய சாதாரண சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கரண்ட் வந்தது. சாவி பறந்து தகரக் கூரையை அடித்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். கூரையில் அந்த நெளிவு இன்னும் இருக்கிறது, நான் தட்டி நிமிர்த்தவில்லை.

பாதுகாப்பு என்று வந்தபிறகு நம் ஊருக்கென்றே உரிய ஒரு வில்லங்கத்தைச் சொல்லவேணும். சாரத்தோடு லேத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். வெக்கைதான், வீடுதான், ஒரு நிமிச வேலைதான், எல்லாம் சரி. சாரத்தின் தொங்கல் நீளத்திருகில் சுற்றினால் ஆளை இழுத்து மெசினில் சாய்த்துவிட்டுத்தான் நிற்கும். களிசான் போடுங்கள், சப்பாத்துப் போடுங்கள், சேட்டுக் கையை முழங்கைக்கு மேலே மடியுங்கள். கோயிலில் கட்டிய காப்பு நூலும் கழுத்துச் சங்கிலியும் மோதிரமும் வெளியே. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர் பலர், சுழல்கிற மெசினில் கையுறை கையை இழுத்துப்போகும். சீவலைக் கையால் இழுக்காதீர்கள், அது சவரத் தகட்டை விடக் கூர். ஒரு கம்பிக் கொக்கி செய்து வையுங்கள். உங்கள் முதல் வேலையே அதுவாக இருக்கட்டும்.

இரும்பு எங்கே எடுப்பது? மெதுவான இரும்புக் கம்பி கடைகளில் கிடைக்கும். பழைய இரும்புக் கடையில் கார் ஷொக் அப்சோபரின் தண்டு கிடைத்தால் விடாதீர்கள், மேல்பூச்சைக் கடந்ததும் உள்ளே அருமையான உருக்கு. பழைய தண்ணிக் குழாய், வால்வு எல்லாம் பித்தளைக்கு ஆகும். பாரமான லொறியின் அச்சுத்தண்டு கடைய வரும், ஆனால் சின்ன மெசினின் பொறுமையைச் சோதிக்கும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். போர் நடந்த முகமாலைப் பக்கம், வன்னிப் பக்கம் இருந்து யாராவது பித்தளைக் கோது, தடித்த உருளை, பெயர் தெரியாத ஏதாவது கொண்டுவந்து கடைந்து தரச் சொன்னால், தொடக்கூடாது, வீட்டு வாசலுக்கு உள்ளேயும் எடுக்கக்கூடாது. வெறும் கோது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை இழந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கடைகிற வேகத்துக்குப் புத்தகத்தில் பெரிய அட்டவணை இருக்கும். நான் பாவிப்பது ஒரேயொரு கணக்கு. மெதுவிரும்பு, சாதாரண ஹைஸ்பீட் உருக்கு வெட்டி என்றால் 8000 ஐ மில்லிமீற்றர் விட்டத்தால் பிரியுங்கள். 10 மில்லிமீற்றர்க் கம்பிக்கு நிமிசத்துக்கு 800 சுற்று, 25 க்கு 320, 50 க்கு 160. பித்தளைக்கு இரட்டிக்கலாம், வார்ப்பிரும்புக்குக் கொஞ்சம் குறைக்கலாம். அதைவிடக் கடினமான காபைட் வெட்டிகளைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம். அவை பலமான மெசினுக்கும் வேகத்துக்கும் செய்தவை, சின்ன மெசின் அதிர்ந்தால் நுனி உடையும். ஹைஸ்பீட் துண்டை வாங்கிச் சாணையில் நீங்களே தீட்டுங்கள். தீட்டிய நுனி மையத்துக்கு நேரே இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய தந்திரம் உண்டு. மெசினை நிறுத்திவிட்டு, கம்பிக்கும் வெட்டி நுனிக்கும் நடுவில் ஒரு மெல்லிய இரும்பு அடிமட்டத்தை வைத்து மெல்ல அழுத்துங்கள். அடிமட்டம் நிமிர்ந்து நின்றால் சரி. அதன் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் வெட்டி தாழ்ந்திருக்கிறது, அங்காலே சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

மெசினை நிறுத்துகிற இடம் பற்றிக் கொஞ்சம் மினக்கெட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் பிழைவிட்டு மெசினைத் திட்டுகிறார்கள். நான்கு காலில் ஒன்று தாழ்ந்திருந்தால் போதும், வார்ப்பிரும்புப் படுக்கை முறுகும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் கடைகிற கம்பி ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலியும். நீர்மட்டம் வைத்துப் பார்ப்பது முதற்படி மட்டும். சரியான சோதனை கடைந்து பார்ப்பது. 25 மில்லிமீற்றர்க் கம்பியைச் சக்கில் பிடித்து, ஒரு சாண் வெளியே விட்டு, வால்பக்க மையத்தைப் பாவிக்காமல், சக்குக்குக் கிட்ட ஒரு வளையமும் நுனியில் ஒரு வளையமும் விட்டு நடுவைக் குறைத்துக் கடையுங்கள். பிறகு இரண்டு வளையத்தையும் ஒரே அமைப்பில், முடி அளவு வெட்டில், ஒரே ஓட்டமாகக் கடைந்து மைக்ரோமீற்றரில் அளவுங்கள். நுனி வளையம் பெரிதாக இருந்தால் வால்பக்கத்தின் முன்காலுக்குக் கீழே மெல்லிய தகடு வையுங்கள். சிறிதாக இருந்தால் பின்காலுக்கு. என் மெசினுக்கு இது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. கடைசியில் ஒரு பழைய பால்மாப் பேணித் தகட்டில் சரிவந்தது. மாரி தொடங்கினதும் திரும்பப் பார்த்தேன், மாறியிருந்தது. கொட்டில் நிலம் மழைக்கு அசைந்திருக்கிறது. ஆகவே இது ஒருமுறை செய்து முடிகிற அலுவல் இல்லை.

கறள் பற்றிக் கேட்கவில்லை நீங்கள், ஆனால் உங்கள் முதல் எதிரி அதுதான். குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் புழுதியும், மாரியில் ஈரம். விடியப்புறம் குளிர்ந்து கிடக்கிற வார்ப்பிரும்பில் ஈரக்காற்றுப் பட்டதும் வியர்க்கும், மத்தியானம் பார்த்தால் செம்மஞ்சள். வேலை முடிந்ததும் சீவலைத் தூரிகையால் தட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து, பருத்தித் துணியால் மூடுங்கள். பொலித்தீன் போட்டு மூடினால் ஈரத்தை உள்ளே வைத்து அவிக்கிற மாதிரி. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைப் பூசி வைக்காதீர்கள். அலுமினியத்தில் புரி வெட்டும்போது ஒரு சொட்டு விட அது நல்லதுதான். ஆனால் பூசிவிட்டால் நாள்பட ஊசிப் புளித்து, பித்தளைப் பாகங்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வியர்வை வழிகிற கையால் மைக்ரோமீற்றரைத் தொட்டால் அடுத்தநாள் உங்கள் விரல் ரேகை அதில் பதிந்திருக்கும். எனக்குப் பதிந்திருக்கிறது. அளவுக் கருவிகளை வைக்கிற லாச்சிக்குள் ஒரு சின்னப் பழைய குமிழ் விளக்கை எரியவிட்டால் அந்தச் சூடே போதும்.

ஆணித் தலையின் அந்த நீலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பூச்சு இல்லை. உருக்கைச் சூடாக்கும்போது மேலே படிகிற மெல்லிய படலத்தின் நிறம். மணிக்கூட்டுக்காரர் செய்வதும் அதுதான். ஆணித் தலையைப் படிப்படியாக மென்மையான தாளில் தேய்த்துக் கண்ணாடி போல் ஆக்குங்கள். விரல் படாமல் எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். ஒரு தகரத் தட்டில் பித்தளைத் தூளைப் பரப்பி, அதில் ஆணியை நட்டு, சிரட்டைக்கரி அடுப்பில் வையுங்கள். 220 பாகை செல்சியசில் வைக்கோல் நிறம் வரும், பிறகு மண்ணிறம், 280 க்குக் கிட்ட ஊதா, 300 ஐத் தொடும்போது நீலம். வைக்கோலில் இருந்து ஊதா வர நேரம் எடுக்கும், ஊதாவில் இருந்து நீலம் கெதியில் வந்துவிடும், கண் எடுத்தால் சாம்பலாகிவிடும். முழு நீலம் வருமுன்னே எடுத்து எண்ணெயில் போடுங்கள். தையல் மெசின் ஆணிகளில் இதைப் பழகலாம். ஆனால் சிங்கரின் ஆணிப் புரிகள் கடையில் கிடைக்கிற எந்த மரையோடும் சேராது, பழைய ஆணியைத் தொலைத்துவிடாதீர்கள்.

லேத்தில் முதல் உருப்படியான வேலையாக நான் சொல்வது ராலே சைக்கிளின் கொட்டர்பின், அதாவது மிதியைத் தாங்குகிற கிராங்கை அச்சோடு இறுக்குகிற முளை. உங்கள் அயலில் ஒரு ஐயாவிடமாவது அந்தச் சைக்கிள் இருக்கும், மிதிக்கும்போது டக் டக் என்று அடிக்கும். கடையில் வாங்குகிற பின் பெரும்பாலும் தளர்வு, அல்லது சரிவு பிழை. பழைய பின்னை அளந்து பாருங்கள், ராலேக்கு 9.5 மில்லிமீற்றர். 12 மில்லிமீற்றர் மெதுவிரும்புக் கம்பியைச் சக்கில் பிடித்து, மேலே சொன்ன கணக்கின்படி 660 சுற்றளவில், முதலில் 10 க்குக் கொண்டுவாருங்கள். பிறகு கால் மில்லிமீற்றர், பிறகு பத்தில் ஒரு பங்கு. மில்லிமீற்றரில் கடைசி நூறில் இரண்டு பங்கை அரத்தால் எடுக்கலாம். கிராங் துளைக்குள் கைப்பெருவிரலால் தள்ளப் போகவேணும், ஆட்டினால் ஆடக்கூடாது. நுனியில் நட்டுக்கான புரியைக் கைமரையால் (டை) வெட்டுங்கள். உருக்கில் செய்யலாமே, இன்னும் பலமாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். பின் தேய்ந்தால் இன்னொன்று கடையலாம், அச்சு தேய்ந்தால் சைக்கிளே போயிற்று.

இப்போது அரத்துக்கு வேலை. பின்னின் ஒரு பக்கத்தில் சரிவான தட்டை முகம் வேண்டும், அதுதான் அச்சின் தட்டையில் போய் அமரும். பழைய பின்னைப் பக்கத்தில் வைத்து அதே சரிவில் அராவுங்கள். முக்கால்வாசி வந்ததும் ஒரு ஜாம் போத்தல் விளக்கை ஏற்றுங்கள். பொருளாதாரத் தடை நாட்களில் நாங்கள் படித்ததெல்லாம் அந்த விளக்கில்தான், அதன் புகை இதற்கு நல்ல கருப்பு. பின்னின் தட்டை முகத்தைப் புகையில் காட்டிக் கருப்பாக்கி, துளையில் செருகி, மெல்லத் தட்டி, திரும்ப வெளியே எடுங்கள். எங்கே கருப்பு அழிந்து இரும்பு மினுங்குகிறதோ அங்கேதான் தொடுகிறது. ஒரு நுனியில் மட்டும் மினுங்கினால் சரிவு பிழை. அந்த மினுக்கத்தை மட்டும் இரண்டு இழுவையில் எடுத்துவிட்டு மறுபடி புகை, மறுபடி செருகு. பதினைந்து இருபது தடவை போகும். நீங்கள் காணொளியில் பார்த்த அந்தத் துவக்குக்காரரும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். முகம் முழுக்கச் சீராகக் கருப்பு அழிந்த பிறகு நிறுத்துங்கள். மறுபக்கக் கிராங்குக்கும் இதே அளவில் இன்னொன்று. இரண்டின் தட்டையும் ஒரே அளவாக இல்லாவிட்டால் இரண்டு மிதியும் நேரெதிராக நிற்காது, ஏறி இருக்கும்போதே தெரியும்.

பூட்டும்போது கிராங்குக்குக் கீழே ஒரு குழாய்த் துண்டை நிலத்தில் முட்டுக் கொடுத்து, பின்னைச் சம்மட்டியால் அடித்து இறக்குங்கள். நட்டால் இழுத்து இறுக்கப் பார்த்தால் புரிதான் உரியும், நட்டு வேலை பின் கழராமல் காப்பது மட்டும். ஐயாவை ஏற்றி நல்லூர் வரை ஒரு ஓட்டம் போய்வரச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் இரண்டு தட்டு, நட்டில் கால் சுற்று. முதல் ஓட்டத்தில் எப்போதும் கொஞ்சம் அமரும்.